பழைய கணினிக்குப் பாகம் மாற்றுவதா, புதிது வாங்குவதா? சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கணினி இல்லாத வீடு இப்போது குறைவு. திறந்தவுடன் வேலைக்கு வரும் கணினி உள்ள வீடு அதைவிடக் குறைவு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது பிள்ளைகளின் இயங்கலை வகுப்புக்காக அவசரமாக வாங்கியவையும், அதற்கும் முன்பே மூத்த பிள்ளை பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய், பட்டத்தோடு திருப்பிக் கொண்டுவந்து தம்பி தங்கைகளிடம் விட்டவையும்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வருகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தின் ஓரத்தில் அந்த மேசையைப் போட்டு, கணினிகளைப் பார்த்துக் கொடுக்கும் பழக்கம் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

கணினி வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வயதை வைத்தே முடிவு செய்துவிடலாமா?

வயது ஒரு குறிப்பு மட்டுமே. ஒரே ஆண்டில் வாங்கிய இரண்டு மடிக்கணினிகளில் ஒன்று, ஒரேயொரு பாகத்தை மாற்றியதும் இன்னும் சில ஆண்டுகளுக்கு உழைக்கும். மற்றொன்றுக்கு ஐந்து காசு செலவழிப்பதும் வீண். இரண்டு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். இந்தக் கணினி ஏன் மெதுவாக இருக்கிறது என்பது முதல் கேள்வி. இதில் ஓடும் இயங்குதளத்துக்கு (விண்டோஸ் போன்றது) இன்னும் எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பது இரண்டாவது. ரேமோ (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) எஸ்.எஸ்.டி.யோ (ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் சில்லு வட்டு) போட்டால் வேகம் கூடும்; புதுப்பிப்பு நின்றுபோகும் நாளை அவை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடா. ஆகவே இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை தேடிவிட்டு, அதன் பிறகே கடைக்குப் போக வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வருகிறார்கள். ரேம் வாங்கிப் பொருத்தியாகிவிடும். அந்தக் கணினியில் விண்டோஸ் 11 ஏறாது என்பது பிறகுதான் தெரியவரும்.

விண்டோஸ் 10 இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது? அதை ஏன் விட வேண்டும்?

2015 ஜூலை 29இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகியவற்றின் ஆதரவும் அதே நாளில் முடிந்தது. கணினி அன்றைக்கே நின்றுவிடவில்லை, இனியும் நிற்காது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமலே கிடக்கும். பாட்டுக் கேட்கவும் பழைய படங்களைப் பார்க்கவும் மட்டும் வைத்திருக்கும் கணினி என்றால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வங்கிக் கணக்கைத் திறப்பதும், கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) கணக்கைப் பார்ப்பதும், சங்க உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களைச் சேர்த்துவைப்பதும் அதே கணினியில்தான் என்றால் கதை வேறு.

கொஞ்சம் அவகாசம் வேண்டுவோருக்கு ஒரு வழி உண்டு. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்தால், வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓட்டைகள் அடைக்கப்படும். கணினியின் அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்துவைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. சம்மதம் இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர் கட்டலாம். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால்தான் இதில் சேர முடியும். இதை நான் தீர்வாகச் சொல்வதில்லை. புதுக்கணினிக்குக் காசு சேர்க்கக் கிடைத்த தவணையாகவே சொல்கிறேன்.

என் கணினியில் விண்டோஸ் 11 ஏறுமா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

மைக்ரோசாப்ட் இலவசமாகத் தரும் பி.சி. ஹெல்த் செக் என்ற மென்பொருள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். அந்த மென்பொருள் இல்லாமலே ஓரளவு ஊகிக்கவும் முடியும். மடிக்கணினியின் கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரை நம்பாதீர்கள்; அதில் பல நேரம் ஐ5 என்று மட்டும்தான் இருக்கும், எந்தத் தலைமுறை என்று இருக்காது. கணினியின் அமைப்புப் பக்கத்தில் பிராசசரின் (கணினியின் மூளையான சில்லு) முழு எண்ணைப் பாருங்கள். ஐ5-7200 என்று நான்கு இலக்கத்தில் இருந்தால் முதல் இலக்கமான 7தான் தலைமுறை. இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்கிறது. ஓரிரு விதிவிலக்குகளை நம் ஊரில் பார்க்க முடியாது. எட்டாம் தலைமுறை 2017இன் பிற்பகுதியில்தான் கடைக்கு வரத் தொடங்கியது. ஏ.எம்.டி. ரைசனில் 2000 வரிசையிலிருந்து தொடங்குகிறது என்றாலும் அந்த வரிசையில் விடுபட்டவையும் உண்டு என்பதால், அதற்கு மட்டும் மென்பொருளைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

‘இந்தக் கணினிக்குத் தகுதியில்லை’ என்று வந்துவிட்டது. அத்துடன் முடிந்ததா?

எந்தக் காரணத்துக்காகத் தகுதியில்லை என்று கீழே எழுதியிருக்கும். அந்த வரியைப் படிக்காமல் கணினியைக் கழித்துக்கட்டிவிடாதீர்கள். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி ஒருவர் தம் மேசைக்கணினியைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து, “தம்பி, வேண்டியதைக் கழற்றிக்கொண்டு மற்றதைக் குப்பையில் போட்டுவிடு” என்றார். அதில் இருந்தது ஐ5-8400, அதாவது எட்டாம் தலைமுறை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்ற ஒரே காரணத்தால்தான் விண்டோஸ் 11 அதை ஒதுக்கியிருந்தது. உண்மையில் அது இல்லாமல் இல்லை, அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் விற்ற பல மதர்போர்டுகள் (பாகங்கள் எல்லாம் பொருந்தும் தாய்ப்பலகை) அப்படித்தான் வந்தன. விண்டோஸுக்கு முன்பே தொடங்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய், இன்டெலில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி.யில் எப்.டி.பி.எம். என்றும் பெயரிட்டிருக்கும் அந்த ஒரு வரியைத் திறந்துவிட்டேன். அவர் வாங்கி வைத்திருந்த தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. சாக்கை மடித்துக்கொண்டு, கணினியை முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பத்தகாத மென்பொருளைத் தடுக்கும் வசதி) இல்லை என்று வந்தால் இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. வட்டு எம்.பி.ஆர். என்ற பழைய பகிர்வு முறையில் இருந்தால், அதை ஜி.பி.டி. முறைக்கு மாற்ற வேண்டும். தரவை அழிக்காமல் மாற்றும் கருவி விண்டோஸ் 10இலேயே இருக்கிறது; ஆனாலும் காப்புப்படி எடுக்காமல் அதைத் தொடாதீர்கள். பிராசசர்தான் தடை என்று வந்தால், பயாஸில் திறப்பதற்கு எதுவும் இல்லை.

தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். போடலாமா?

போட முடியும் என்பது உண்மைதான். தகுதியில்லாத கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தரவில்லை என்பதும் உண்மை. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு, சில கட்டளைகளை அறியாத மிகப் பழைய பிராசசர்களில் தொடங்கவே மறுத்தது. விளையாட்டாகச் செய்து பார்ப்பவர் தம் சொந்தக் கணினியில் செய்யட்டும். கோயில் கணக்கும் கடைக் கணக்கும் இருக்கும் கணினியில் வேண்டாம் என்பது என் கருத்து.

கணினி மெதுவாக இருப்பதற்கு எந்தப் பாகம் காரணம் என்பதை நாமே கண்டுபிடிக்க முடியுமா?

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள்; டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே பிராசசர், நினைவகம், டிஸ்க் ஆகிய மூன்றின் விழுக்காட்டைப் பத்து நிமிடம் கவனியுங்கள். டிஸ்க் நூறிலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் குற்றவாளி. நினைவகம் தொண்ணூறைத் தொட்டால் ரேம் போதவில்லை. மூன்றும் சும்மா இருந்தும் இணையப் பக்கம் மட்டும் திறக்கவில்லையென்றால் கணினியைக் குறைசொல்ல வேண்டாம். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டையோ வீட்டு வைபையையோ பாருங்கள். தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளில் இப்படிக் கோளாறு இணையத்தில் இருக்க, பழி கணினிமேல் விழுவதை அடிக்கடி பார்க்கிறேன். பழைய 3ஜி டொங்கலை இன்னும் செருகிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு மூடப்பட்டுவிட்டது.

எல்லாரும் எஸ்.எஸ்.டி. போடு என்கிறார்கள். அது அவ்வளவு வித்தியாசம் தருமா?

தரும். பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மாற்றங்களில் இதற்கு நிகரானது வேறு இல்லை. காரணம் எளிது. மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்கில் உள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. தரவு தட்டின் எந்த இடத்தில் கிடக்கிறதோ அந்த இடத்துக்கு ஊசி நகர்ந்து, அந்த இடம் தனக்குக் கீழே வரும்வரை காத்திருந்து படிக்க வேண்டும். இப்படி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய நூறு இடங்களைத்தான் அது எட்ட முடியும். விண்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படுகின்றன. எஸ்.எஸ்.டி.யில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. சாட்டா என்ற சாதாரண இணைப்பு வகையே வினாடிக்குப் பல்லாயிரம் இடங்களைப் படித்துவிடும், ஒரே பெரிய கோப்பாக இருந்தால் வினாடிக்குச் சுமார் 550 மெகாபைட் வரை இழுக்கும். காலையில் சுவிட்சைத் தட்டிவிட்டுப் பசியாறப் போய்வந்த காலம் இதனால்தான் முடிந்துபோகிறது.

வாங்கும் முன் உங்கள் கணினியில் எது பொருந்தும் என்று பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. அப்படியே உட்காரும். எம்.2 என்ற சிறிய துளை இருந்தால் கவனம் தேவை: சூயிங்கம் பட்டைபோல் இருக்கும் அந்த அட்டையில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு, பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கான துளையில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். கணினியின் மாதிரி எண்ணை எழுதிக்கொண்டு போய்க் கடைக்காரரிடம் காட்டுவது பாதுகாப்பானது. இயங்கலைச் சந்தையில் 16 டெராபைட் என்று அறுபது எழுபது ரிங்கிட்டுக்கு விற்பவற்றைத் திரும்பியும் பார்க்காதீர்கள். அவை உள்ளே சின்ன மெமரி அட்டையை ஒட்டிவைத்து, அளவைப் பொய்யாகக் காட்டும் டப்பாக்கள். நிரம்பியதும் பழைய படங்களின் மேலேயே புதிய படங்களை எழுதிவிடும்.

விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு கட்டப்பட்டிருப்பதால் வட்டை மாற்றினாலும் உரிமம் போகாது. அதே பதிப்பை மறுபடி நிறுவினால் இணையத்தில் சேர்ந்ததும் அதுவே தன்னை உறுதிசெய்துகொள்ளும். உரிமத்துக்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏனென்று கேளுங்கள். ஆனால் மதர்போர்டையே மாற்றினால், கணினியோடு வந்த உரிமம் அத்துடன் போய்விடும். பிட்லாக்கர் பூட்டு (வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாமல் மறைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும் கணினியாக இருந்தால், திறப்பதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதை எழுதாமல் பயாஸைத் தொட்டு, நீலத் திரைமுன் ஒரு மாலைப்பொழுதை நானே தொலைத்திருக்கிறேன்.

ரேம் எவ்வளவு வேண்டும்?

உலாவியில் நான்கைந்து பக்கமும் ஒரு வேர்டு கோப்பும் திறந்துவைக்கும் வீட்டுக்கு 8 ஜிகாபைட் போதும். 4 ஜிகாபைட்டில் விண்டோஸ் 11 நிறுவ முடியும், ஆனால் நிம்மதியாக வேலை செய்ய முடியாது. டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பக்கத்தில் எத்தனை துளைகள் உள்ளன, எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்று எழுதியிருக்கும். மெல்லிய மடிக்கணினிகளில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் கூட்டுவதற்கு வழியில்லை. ரேமின் தலைமுறைகளான டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகியவற்றின் வெட்டுக்குறி வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் துளையில் ஏறாது. அழுத்தி ஏற்றப் பார்ப்பது துளையை உடைப்பதில்தான் முடியும். செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025இன் கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. எனவே, புதிய ரேமைவிடப் பழுதான கணினியிலிருந்து கழற்றிய, சோதித்துத் தரப்பட்ட ரேம் பல நேரம் கட்டுப்படியாகிறது.

தொடங்கும்போது வேகமாக இருக்கிறது; அரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. இது என்ன நோய்?

சூடு. பிராசசர் கொதிநிலைக்கு அருகே போகும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. தகரக் கூரை வீட்டில் பிற்பகல் இரண்டு மணிக்கு மெத்தைமேல் வைத்து ஓட்டினால் எந்தக் கணினியும் அப்படித்தான் செய்யும். சாமி மேடைக்குக் கீழே வைக்கப்பட்டிருந்த ஒரு மேசைக்கணினியைத் திறந்தபோது, சாம்பிராணிப் புகையின் பிசுக்கும் செம்மண் தூசியும் சேர்ந்து, விசிறிக்குப் பின்னால் கம்பளித் துணிபோல் ஒரு படலமாக உறைந்திருந்தது. அதன் மறுபக்கத்தில் இரண்டு பல்லி முட்டைகள். விசிறியைத் துடைத்து, பிராசசர்மேல் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட பசையைச் சுரண்டிப் புதுப்பசை தடவியதோடு அந்தக் கணினியின் ‘முதுமை’ தீர்ந்தது. எதை வாங்குவதற்கும் முன்பு இந்தத் துப்புரவைச் செய்து பாருங்கள். இதே கணக்கில் சேர வேண்டியது இன்னொன்று: கணினியின் தேதி திறக்கும்போதெல்லாம் பழைய ஆண்டுக்குப் போய், எந்த இணையத்தளமும் பாதுகாப்பில்லை என்று உலாவி சொன்னால், மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். சில ரிங்கிட்டில் முடியும் வேலை அது.

மின்னல் அடித்ததிலிருந்து கணினி எழும்பவில்லை. பழுது பார்க்கலாமா?

உலகில் மின்னல் மிக அதிகமாக விழும் நாடுகளில் நம்முடையதும் ஒன்று என்பதால் இந்தக் கேள்வி மழைக்காலத்தில் வாரம் தவறாமல் வரும். மேசைக்கணினியில் பல நேரம் மின்வழங்கிப் பெட்டி மட்டும் போயிருக்கும், மடிக்கணினியில் சார்ஜர் மட்டும் போயிருக்கும். வேறொன்றைக் கடன் வாங்கிச் செருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். மதர்போர்டு போயிருந்தால் பழைய கணினிக்கு அதைத் தேடி அலையாதீர்கள். பழையதிலிருந்து கழற்றிய இன்னொன்றுதான் கிடைக்கும், அதற்கு எத்தனை நாள் ஆயுள் என்று விற்பவருக்கே தெரியாது. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதைக் கழற்றி ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டுப் படங்களை எடுத்துக்கொள்ளலாம். இடி முழங்கத் தொடங்கியதும் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். வீட்டுக்குச் செம்புத் தொலைபேசிக் கம்பி வந்தால் அதையும் மோடத்திலிருந்து உருவுங்கள்.

எவ்வளவு செலவு வரை பழையதில் போடலாம்?

நான் வைத்திருக்கும் கணக்கு இது: அதே வேலையைச் செய்யும் மாற்றுக் கணினியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். மாற்றுக் கணினி 1,800 ரிங்கிட் என்றால் பழையதில் 600க்கு மேல் இறக்க வேண்டாம். விண்டோஸ் 11 ஏறாத கணினி என்றால் அந்தப் பங்கையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், அதுவும் எஸ்.எஸ்.டி.க்கு மட்டும், ஏனென்றால் நாளைக்குக் கணினியைக் கைவிட்டாலும் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய வகை ரேமை அப்படி எடுத்துப்போக முடியாது.

செலவை ஒரே பட்டியலில் எழுதிப் பார்ப்பதும் முக்கியம். இந்த மாதம் பேட்டரி, அடுத்த சம்பளத்துக்குத் திரை, தீபாவளிக்குப் பிறகு விசைப்பலகை என்று தவணை தவணையாகச் செலவழிப்பவர்கள் மொத்தத்தைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை. கீல் உடைந்து மூடி பிளந்த மடிக்கணினி, பேட்டரி உப்பி அடிப்பலகை மேலெழுந்த மடிக்கணினி ஆகியவற்றில் வேறு எந்தச் செலவையும் தொடங்காதீர்கள். உப்பிய பேட்டரியோடு கணினியைச் சார்ஜில் போடவே கூடாது; அது தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

புதிதுக்குப் பதிலாக அலுவலகங்கள் கழித்த மடிக்கணினியை வாங்கலாமா?

பல வீடுகளுக்கு நான் சொல்லும் வழியே அதுதான். பெரிய நிறுவனங்கள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட் போன்ற அலுவலக மடிக்கணினிகள், அதே விலைக்கு விற்கும் மலிவான புதுக்கணினிகளைவிட உறுதியானவை. திருகைக் கழற்றினால் உள்ளே பாகங்களையும் மாற்ற முடியும். ஈப்போவின் யிக் பூங் வளாகத்துக்குப் போனாலும் கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவுக்குப் போனாலும் கேட்க வேண்டியவை ஒன்றுதான். பிராசசர் எட்டாம் தலைமுறைக்குக் குறையாமல் இருக்கிறதா, பேட்டரியின் இன்றைய கொள்ளளவு தொடக்கக் கொள்ளளவில் எத்தனை பங்கு, பயாஸில் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு இல்லாமல் இருக்கிறதா, உத்தரவாதம் எத்தனை மாதம். இவற்றை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஒருமுறை நண்பருக்காக வாங்கியதில் 16 ஜிகாபைட் என்று வாயால் சொன்னதை நம்பி வீட்டுக்கு வந்து பார்த்தால் 8தான் இருந்தது; எழுத்தில் இல்லாததால் வாக்குவாதத்தில் தோற்றேன். எழுத்தில் இருந்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கிறது, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

அரசாங்கம் கொடுத்த நெட்புக் 1மலேசியா அலமாரியில் கிடக்கிறது. அதை எழுப்ப முடியுமா?

முடியாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ‘ஆட்டம்’ என்ற வலுக்குறைந்த பிராசசரும் ரேம் அளவும் இன்றைய உலாவியைத் தாங்கா. உள்ளே படங்கள் இருந்தால் எடுத்துக்கொண்டு விடைகொடுங்கள்.

புதுக்கணினி வாங்கப் பணமில்லை. இருப்பதில் விண்டோஸ் 11உம் ஏறாது. வேறு வழி?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம். 2024 ஜூலையில் வந்த 22ஆம் பதிப்புக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு, விலை இல்லை. நிறுவாமலே யூ.எஸ்.பி. குச்சியிலிருந்து ஓட்டி, வைபையும் ஒலியும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கல்வி அமைச்சின் டெலிமா தளமும் கூகல் வகுப்பறையும் உலாவியிலேயே நடப்பதால் பள்ளிப் பிள்ளைக்கு இது போதும். மைக்ரோசாப்ட் ஆபிஸை அதில் நிறுவ முடியாது. லிப்ரெ ஆபிஸைப் பழகிக்கொள்ள வேண்டும், வேர்டு கோப்பின் வடிவமைப்பு அங்கங்கே நகர்ந்து நிற்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழகும் பொறுமை இல்லாத பெரியவர்களுக்கு இதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் முழுவதும் தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு.

கணினி மாறினால் என் தமிழ்க் கோப்புகள் என்ன ஆகும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் பிறகு வருந்துபவர்கள் அதிகம். ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டெழுதியவை எங்கே போனாலும் தமிழாகவே தெரியும். ஆனால் 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தட்டெழுதிய கோயில் ஆண்டறிக்கைகள், தமிழ்ப்பள்ளி மலர்கள், திருமண அழைப்பிதழ்கள் முதலியவை டி.எஸ்.சி. போன்ற பழைய குறியீடுகளில் இருக்கும். அவற்றுக்கான எழுத்துரு பழைய கணினியில் மட்டுமே இருக்கும். புதிதில் திறந்தால் கொம்பும் காலும் புள்ளியுமாக ஏதோ ஒரு மொழி தெரியும். எனவே பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே அதன் எழுத்துருக் கோப்புகளையும் படியெடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமானவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, அச்சிட்ட வடிவில் பி.டி.எப். ஆகவும் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். தட்டெழுதும் முறையைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980களிலிருந்து வளர்த்துவந்த முரசு அஞ்சலில் பழகிய விரல்களுக்கு, விண்டோஸ் 11இலேயே அஞ்சல் விசைப்பலகையும் தமிழ்99உம் இருக்கின்றன.

கடைக் கணக்கு மென்பொருளும் ஊசி பிரிண்டரும் பழைய கணினியில் மட்டும்தான் ஓடுகின்றன. என்ன செய்வது?

இணையக் கம்பியை உருவிவிட்டு அந்தக் கணினியை அப்படியே அந்த ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தைத் தொடாத கணினிக்கு விண்டோஸ் 10இன் முடிவு நாள் பெரிய ஆபத்தில்லை. ஒவ்வொரு மாத முடிவிலும் கணக்குக் கோப்பை யூ.எஸ்.பி. குச்சியில் எடுத்து வேறு இடத்தில் வைப்பதை மட்டும் தவறவிடாதீர்கள்.

வாங்கினால் வரியில் ஏதாவது கழியுமா?

சொந்தப் பயன்பாட்டுக்காக வாங்கும் கணினி, கைப்பேசி, தட்டைக்கணினி ஆகியவை 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வரிவிலக்கில் சேரும். புத்தகமும் இணையக் கட்டணமும் அதே 2,500க்குள்தான். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெயில் பட்டால் எழுத்து மறையும் ரசீதைக் கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள்.

பழைய கணினியை என்ன செய்வது?

ஒலிபெருக்கியில் ‘சூராட் காபார் லாமா’ (பழைய செய்தித்தாள்) என்று கூவிக்கொண்டு வரும் லோரியில் ஏற்றிவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். வேண்டாம். மின்னணுக் கழிவு, 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி எஸ்.டபிள்யூ.110 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. ஈயமும் வேறு நச்சு உலோகங்களும் உள்ளே இருக்கின்றன. சுற்றுச்சூழல் துறை ஏற்றுக்கொண்ட சேகரிப்பு மையங்கள் வீட்டுக் கழிவை வாங்கிக்கொள்ளும். எங்கே கொடுத்தாலும் முதலில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொள்ளுங்கள். கோப்புகளை அழித்துவிட்டோம் என்று நினைத்துக் கொடுத்த வட்டிலிருந்து இலவச மென்பொருளால்கூட அவற்றை மீட்டெடுக்க முடியும். கழற்றிய வட்டின்மேல் ஆண்டையும் யாருடையது என்பதையும் எழுதி ஒட்டி, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஓராண்டு கழித்து யாரும் தேடவில்லையென்றால் முழுதாக அழித்தெழுதிவிட்டு, அதையும் மையத்தில் கொடுத்துவிடலாம்.